தோல் அளக்கும் இயந்திரத்தின் டிரைவரில் ரேஸ் கண்டிஷன் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடுவதால் வரும் பிழை): ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஒரு சதுர அடி கூடிவிடுகிறது

1. பாலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். பதனிட்ட தோலின் பரப்பை அளக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும், அவற்றின் கணினிப் பகுதியைப் புதுப்பித்துக் கொடுப்பதும் எங்கள் தொழில். மூன்று வாரங்களாக ஒரு பிழையைத் துரத்துகிறேன், கைக்குச் சிக்கவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் அதன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓடும் பட்டையின் மேல் தோலைச் சுருக்கம் இல்லாமல் விரித்துவிடுவார்கள். பட்டையின் குறுக்கே 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒளி உணரிகள் வரிசையாக இருக்கின்றன. பட்டை 5 மில்லிமீட்டர் நகரும் ஒவ்வொரு முறையும், எந்தெந்த உணரி மறைந்திருக்கிறது என்பதைக் கணினிக்குள் இருக்கும் அட்டை ஒரு வரியாகப் பதிந்து தன் ஃபைஃபோவில் (வந்த வரிசையிலேயே தரவை வெளியே கொடுக்கும் சிறு நினைவகத்தில்) போட்டு, கணினியை அழைக்கும் இன்டரப்ட் அனுப்பும். லினக்ஸில் அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் அந்த வரியில் மறைந்த கட்டங்களை எண்ணி மொத்தத்தில் கூட்டும். ஒரு கட்டம் 25 சதுர மில்லிமீட்டர். ஆகவே ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 3,716 கட்டங்கள். பட்டை நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடுவதால் வினாடிக்குச் சுமார் 67 வரிகள் வருகின்றன.

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்தில்) பழைய கணினியை எடுத்துவிட்டு நான்கு கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் செயலிப் பகுதிகள்) உள்ள புதிய கணினியை வைத்தோம். அட்டையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைக்கு மாறியது. டிரைவர் பழையதுதான், புதிய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) கம்பைல் ஆகும் அளவுக்கு மட்டும் திருத்தினேன். அதன் பிறகு ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறை, 5 சதுர அடி உள்ள ஆட்டுத்தோல் 6 என்று காட்டுகிறது. அதே தோலை மறுபடியும் ஓட்டினால் சரியாக 5 வருகிறது. தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும் பொருள் என்பதால் வாங்குபவர் திருப்பி அளந்து கேட்டுவிட்டார். பட்டையில் தோல் போடும் அக்கா ஒரு தோலின் மேல் இன்னொன்றின் ஓரம் படும்படி போட்டிருப்பார் என்று அவர்மேல் பழி விழுந்தது. அவர் பக்கத்தில் நின்று ஒரு நாள் முழுதும் பார்த்தேன். ஒவ்வொரு தோலையும் உள்ளங்கையால் நீவி, இரண்டு தோல்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டே போடுகிறார். தவறு அவருடையது அன்று என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

பவர் சப்ளையை மாற்றினேன், எர்த்திங் பார்த்தேன், உணரிகளைத் துடைத்தேன், மெமரியை மாற்றினேன். இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் பகுதியில் பிரிண்ட்கே (கெர்னல் பதிவில் ஒரு வரி எழுதும் கட்டளை) போட்டுக் கவனித்தால் இரண்டு வாரமானாலும் பிழை வருவதில்லை; எடுத்துவிட்டால் வருகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. காட்பாடி சந்திப்பு

பிரிண்ட்கே போட்டால் மறைகிறது என்பதே பாதி விடை. நேரம் மாறினால் மாறும் பிழை, நேரத்தால் வரும் பிழை. மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். மொத்தத்தை யார் யார் தொடுகிறார்கள்? தொடும் இடங்களில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? எஸ்எம்பி அஃபினிட்டி மூலம் இன்டரப்டையும் டாஸ்க்செட் மூலம் பரப்பைக் காட்டும் திரை நிரலையும் ஒரே கோரில் கட்டிவைத்தால் பிழை வருகிறதா?

3. பாலாற்றங்கரை

மொத்தத்தை இரண்டு பேர் தொடுகிறார்கள். ஹேண்ட்லர் ஒவ்வொரு வரிக்கும் அதைப் படித்து, கட்டங்களைக் கூட்டி, திரும்ப எழுதுகிறது. திரையில் பரப்பைக் காட்டும் நிரல் அரை வினாடிக்கு ஒருமுறை ஐஆக்டில் (நிரல்கள் டிரைவரை அழைக்கும் வழி) மூலம் வந்து, அதுவரை சேர்ந்த மொத்தத்தை எடுத்துக்கொண்டு சுழியாக்கிவிடுகிறது. எடுத்ததைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. சுழியாக்கும் இடத்தில் முன்பு எழுதியவர் லோக்கல் ஐஆர்க்யூ சேவ் போட்டு இன்டரப்டை நிறுத்தியிருக்கிறார். ஹேண்ட்லரில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இரண்டையும் ஒரே கோரில் கட்டிப் பன்னிரண்டு நாள் ஓட்டினேன், ஒருமுறைகூட வரவில்லை. பதில் எழுதத் தாமதமானது இதனால்தான்.

4. கோட்டை அகழி

தம்பி, பன்னிரண்டு நாள் பொறுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. உங்கள் பிழை என்னவென்று இப்போது சொல்ல முடியும்.

லோக்கல் ஐஆர்க்யூ சேவ் என்பது, அதை அழைக்கும் கோரில் மட்டுமே இன்டரப்டை நிறுத்தும். ஒரே கோர் உள்ள பழைய கணினியில் அதுவே முழுப் பாதுகாப்பு. முன்பு எழுதியவர் அன்றைக்குச் சரியாகத்தான் எழுதினார். எல்லாக் கோர்களிலும் ஒருசேர இன்டரப்டை நிறுத்தும் வசதி ஒரு காலத்தில் லினக்ஸில் இருந்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 வரிசையில் பல கோர் கணினிகளுக்கு அது இல்லாமல் போயிற்று. நான்கு கோர் வந்ததும் உங்கள் கதவு ஒருபக்கம் மட்டும் பூட்டியதாகிவிட்டது.

நடப்பதை நிதானமாகப் பாருங்கள். மொத்தம் 4,000 என்று இருக்கிறது. கோர் ஒன்றில் ஹேண்ட்லர் 4,000 என்று படித்துவிட்டது, இன்னும் எழுதவில்லை. அந்த நொடியில் கோர் இரண்டில் திரை நிரல் 4,000-ஐ எடுத்துக்கொண்டு சுழி எழுதுகிறது. அடுத்த கணம் ஹேண்ட்லர் தன் கையில் இருந்த 4,000-உடன் 120 கூட்டி 4,120 என்று எழுதிவிடுகிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டுபோன 4,000 மறுபடியும் கணக்கில் ஏறுகிறது. அரை வினாடியில் 33 வரி, வரிக்கு 120 கட்டம் என்றால் ஏறக்குறைய 4,000 கட்டம்; அது ஒரு சதுர அடியை ஒட்டிய எண். உங்கள் 5 எப்படி 6 ஆனது என்பதற்குக் கணக்கு ஒத்துப்போகிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட இடைவெளி 50 நானோ வினாடி என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 67 வரி என்பதால், திரை நிரல் ஒருமுறை வரும்போது அந்த இடைவெளியில் விழுவதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்றுக்குச் சற்று மேல். வினாடிக்கு இரண்டு முறை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 57,600 முறை. பெருக்கினால் நாளுக்கு 0.19, அதாவது ஐந்து நாளுக்கு ஒருமுறை. என் 50 நானோ வினாடி ஒரு மதிப்பீடுதான், ஆனாலும் அளவு சரியான இடத்தில் இருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள், எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை அதே அளவுக்கு அடிக்கடி நடந்துகொண்டிருக்கிறது. திரை நிரல் மொத்தத்தைப் படித்துவிட்டுச் சுழி எழுதுவதற்கு முன், வேறு கோரில் ஹேண்ட்லர் 120 கூட்டினால் அந்த 120 அழிந்துபோகும். அது 0.03 சதுர அடி. யார் கண்ணிலும் படாது, யாரும் திருப்பி அளந்து கேட்கவும் மாட்டார்கள். கூடியது பிடிபட்டது, குறைந்தது பிடிபடவே இல்லை.

5. ஆரணித் தறி

படித்ததும் எனக்குத் தோன்றியது: மொத்தத்தை அட்டாமிக் (படித்து எழுதும்போது நடுவில் யாரும் புக முடியாத) மாறியாக மாற்றி, ஹேண்ட்லரில் அட்டாமிக் ஆட், திரை நிரலில் அட்டாமிக் எக்ஸ்சேஞ்ச் என்று சுழியைக் கொடுத்து மாற்றிக்கொண்டால் லாக்கே இல்லாமல் முடிந்துவிடுமே? நான் நெசவுக் கூடங்களில் தறி நின்றால் அறிவிக்கும் கருவிகளுக்கு இப்படித்தான் செய்கிறேன்.

6. கோட்டை அகழி

மொத்தம் ஒன்று மட்டுமே பகிர்ந்துகொள்ளும் தரவாக இருந்தால் உங்கள் யோசனையே சிறந்தது. ஆனால் இங்கே ஒரு தோல் எங்கே முடிகிறது என்ற அடையாளமும், அதுவரை வந்த வரிகளின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் தோல் தோலாகப் பிரித்துக் காட்ட முடியாது. மொத்தம், வரி எண்ணிக்கை, முடிந்ததா என்ற அடையாளம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்துக்கு உரியவையாகக் கிடைக்க வேண்டும். தனித்தனியாக மூன்று அட்டாமிக் மாறிகள் வைத்தால், முதல் தோலின் மொத்தமும் இரண்டாம் தோலின் முடிவு அடையாளமும் சேர்ந்து திரைக்குப் போகலாம். மூன்றையும் ஒரே ஸ்ட்ரக்சரில் வைத்து, அதற்கென்று ஒரு ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுழன்றுகொண்டே காத்திருக்கும் பூட்டு) வையுங்கள். லாக் எந்தத் தரவைக் காக்கிறது என்பதை அந்த ஸ்ட்ரக்சரிலேயே அதன் மேல்வரியில் எழுதிவிடுங்கள். நிரலின் ஓட்டத்தைப் பூட்டுகிறோம் என்று நினைப்பவர்கள், தரவைத் தொடும் நான்காவது இடம் ஒன்றை எங்காவது மறந்துவிடுவார்கள்.

7. பாலாற்றங்கரை

ஐயா சொன்னபடி ஸ்ட்ரக்சரும் ஸ்பின்லாக்கும் வைத்தேன். லோக்கல் ஐஆர்க்யூ சேவ் வரிகளை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஸ்பின் லாக், ஸ்பின் அன்லாக் என்று போட்டேன். பட்டறையில் ஓட்டிய அரை மணி நேரத்தில் கணினி முழுதுமாக உறைந்துவிட்டது. விசைப்பலகைகூட வேலை செய்யவில்லை. இரண்டாவது முறையும் அதே கதை.

8. காட்பாடி சந்திப்பு

திரை நிரல் லாக்கைக் கையில் வைத்திருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்திருக்கிறது. ஹேண்ட்லர் அதே லாக்குக்காகச் சுழன்றுகொண்டு நிற்கும். லாக்கை விட வேண்டிய நிரலோ ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓட முடியும். இருவரும் என்றைக்கும் நகரமாட்டார்கள். திரை நிரல் வரும் பாதையில் ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ் வேண்டும்: தன் கோரில் இன்டரப்டை அது நிறுத்தும், மற்ற கோர்களை லாக் நிறுத்தும். நீங்கள் எடுத்துவிட்ட பாதுகாப்பும் இப்போது சேர்த்த பாதுகாப்பும் இரண்டுமே தேவை. ஹேண்ட்லருக்குள் சாதாரண ஸ்பின் லாக் போதும்.

பட்டறைக் கணினியில் லாக்டெப் உள்ள கெர்னலைப் போட்டுக்கொள்ளுங்கள். 2006 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. உண்மையில் உறையும்வரை அது காத்திருக்காது. ஒரே லாக்கை இன்டரப்டுக்குள்ளும், இன்டரப்ட் திறந்திருக்கும் நிலையில் வெளியிலும் எடுத்ததை ஒருமுறை கண்டாலே எந்த இரண்டு இடங்கள் என்று அச்சிட்டுவிடும். அதைப் போலவே 2020-இல் 5.8 கெர்னலில் வந்த கேசிசான், லாக் இல்லாமல் ஒரே தரவை இரண்டு கோர்கள் தொடுவதைக் கண்டுபிடிக்கும். வேகம் குறையும், ஷாப்பில் ஓடும் கணினியில் போடாதீர்கள்.

பழைய வன்பொருள் மறைத்து வைத்திருந்த பிழை புதிய வன்பொருளில் வெளிவருவது புதிதில்லை. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரம் நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்திய ஆறு விபத்துகளில், ரேஸ் கண்டிஷனும் ஒரு காரணம். அதற்கு முந்தைய தெராக்-20-இலும் அந்த வகைப் பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக இருந்த வன்பொருள் தடுப்புகள் காப்பாற்றின. உங்கள் ஒற்றைக் கோர் செய்துகொண்டிருந்த வேலையும் அதுதான்.

9. பாலாற்றங்கரை

உறைவது நின்றுவிட்டது. ஆனால் சரியாகிவிட்டது என்று எதைக் கொண்டு சொல்வது என்ற கேள்வி எழுந்தது. ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் பிழை பத்து நாள் வரவில்லை என்றால் அது நிரூபணம் ஆகாது. எனவே முதலில் பழைய டிரைவரில் பிழையை வேண்டுமென்றே பெரிதாக்கினேன். ஹேண்ட்லர் மொத்தத்தைப் படித்த பின், எழுதுவதற்கு முன், ஒரு மில்லி வினாடி எம்டிலே (தாமதம்) வைத்தேன். ஐயா காட்டிய கணக்கின்படி 67 வரிக்கு ஒரு மில்லி வினாடி என்றால் திரை நிரல் நூறு முறை வந்தால் ஏழு முறை மாட்டிக்கொள்ள வேண்டும். அதாவது ஏழெட்டு வினாடிக்கு ஒருமுறை.

தோலுக்குப் பதில் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டிக்கொண்டேன். நான்கு சதுர அடி, ஏறக்குறைய 14,865 கட்டங்கள். பட்டையில் சுற்றிச் சுற்றி விட்டதில் முதல் நிமிடத்திலேயே பல முறை தவறான எண் வந்தது. மூன்று வாரம் தேடியதைக் கண்ணெதிரில் பார்த்தபோது கை நடுங்கியது. பிறகு அதே எம்டிலேயை வைத்துக்கொண்டே லாக் உள்ள டிரைவரை ஏற்றி இரண்டு நாள் தகட்டை ஓட்டினேன். எண் ஒரு வரிக்கு மேல் விலகவே இல்லை. எம்டிலேயை எடுத்துவிட்டு ஆம்பூரில் ஏற்றிவிட்டேன்.

ஆனால் பதினொன்றாம் நாள் வேறொன்று நடந்தது. பட்டை ஓடுகிறது, தோல் போகிறது, திரையில் எண் அசையவில்லை. இன்டரப்டுகளின் எண்ணிக்கையைக் கெர்னல் காட்டும் ப்ராக் இன்டரப்ட்ஸில் எங்கள் அட்டையின் எண்ணிக்கை நின்றுபோயிருந்தது. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினால் ஓடுகிறது. விசாரித்தால், இதற்கு முன்பும் இரண்டு முறை நின்றதாகவும் கணினியை அணைத்துப் போட்டுச் சமாளித்ததாகவும் சொல்கிறார்கள். லாக்கில் நான் எதையாவது கெடுத்துவிட்டேனா?

10. அமிர்தி அருவி

உங்கள் லாக்கின் மேல் சந்தேகப்பட வேண்டாம். அட்டைகளுக்கு உள்ளே லாஜிக் எழுதுவது என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு கேள்விகள். அட்டை எந்தத் தருணத்தில் இன்டரப்ட் அனுப்புகிறது? அட்டையின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை ஹேண்ட்லர் எப்போது அழிக்கிறது, ஃபைஃபோவைக் காலி செய்வதற்கு முன்பா, பின்பா?

11. பாலாற்றங்கரை

ஃபைஃபோ காலியாக இருந்து முதல் வரி நுழையும்போது ஸ்டேட்டஸில் ஒரு பிட் ஏறும். அந்தப் பிட் சுழியிலிருந்து ஒன்றாகும்போது ஒரே ஒரு எம்எஸ்ஐ செய்தி (தனித் தடம் இல்லாமல் செய்தியாகப் போகும் இன்டரப்ட்) போகும் என்று கையேடு சொல்கிறது. ஹேண்ட்லர் ஃபைஃபோ காலியாகும்வரை படித்துவிட்டு, கடைசியில் ஸ்டேட்டஸை அழிக்கிறது. பழைய அட்டைக்கும் இதே வரிசைதான், அக்கா.

12. அமிர்தி அருவி

பழைய அட்டை இன்டரப்ட் தடத்தை, ஃபைஃபோவில் தரவு இருக்கும்வரை தாழ்த்தியே பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அங்கே வரிசை தவறினாலும் தடம் மறுபடி நம்மை அழைத்துவிடும். எம்எஸ்ஐ அப்படி இல்லை. கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விடும் ஆள் அது.

ஹேண்ட்லர் கடைசி வரியைப் படித்துவிட்டது. ஃபைஃபோ காலி என்று பார்த்தும்விட்டது. ஸ்டேட்டஸை அழிப்பதற்கு முன் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் புதிய வரி ஒன்று நுழைகிறது. பிட் ஏற்கெனவே ஒன்று. ஆகவே செய்தி போகாது. அடுத்த கணம் நீங்கள் பிட்டை அழிக்கிறீர்கள். இப்போது ஃபைஃபோவில் ஒரு வரி இருக்கிறது, ஸ்டேட்டஸில் ஒன்றும் இல்லை. ஃபைஃபோ இனி காலியிலிருந்து நிரம்பப் போவதே இல்லை. ஏனென்றால் காலி செய்ய வேண்டிய நீங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறீர்கள், அட்டையோ நீங்கள் வந்து காலி செய்வீர்கள் என்று காத்திருக்கிறது.

இதை எந்த லாக்காலும் சரிசெய்ய முடியாது. அட்டைக்கு உங்கள் ஸ்பின்லாக் இருப்பதே தெரியாது. டிரைவரும் அட்டையும் ஓடும் பந்தயம் இது. வரிசையை மாற்றுவது ஒன்றே வழி: முதலில் ஸ்டேட்டஸை அழியுங்கள், பிறகு காலியாகும்வரை படியுங்கள். அழித்த பிறகு நுழையும் வரியை நீங்களே படித்துவிடுவீர்கள், அல்லது அதற்குப் புதிய செய்தி வரும். சில நேரம் இரண்டும் நடந்து, ஹேண்ட்லர் வந்து பார்க்கும்போது ஃபைஃபோ காலியாக இருக்கும், அதனால் தீங்கில்லை.

ஸ்டேட்டஸை அழிக்கும் எழுத்து அட்டையைச் சேரத் தாமதமாகலாமே என்று கேட்பீர்கள். பிசிஐ விதிப்படி, பின்னால் போகும் படிப்பு முன்னால் போன எழுத்தை முந்தாது. அடுத்து வரும் ஃபைஃபோ படிப்பே அந்த எழுத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும்.

13. பாலாற்றங்கரை

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். இங்கேயும் நிரூபித்த பிறகே எழுத வேண்டும் என்று, பழைய வரிசையில் காலி என்று பார்த்ததற்கும் அழிப்பதற்கும் நடுவில் தாமதம் வைத்தேன். பட்டை கால் சுற்று ஓடுவதற்குள் நின்றது. புதிய வரிசையில் அதே தாமதத்தை எங்கே வைத்தாலும் நிற்கவில்லை.

கடைசியாக ஒன்று. நின்றுபோனபோது டிரைவரை எடுத்துவிட்டு ஏற்றினேன் என்றேன் அல்லவா? பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவரை இறக்கும் ஆர்எம்மாட் கட்டளை கொடுத்தால் பத்தில் ஒருமுறை கெர்னல் விழுந்துவிடுகிறது. பட்டையை நிறுத்திவிட்டுக் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை.

14. கோட்டை அகழி

இன்டரப்டைப் பதிவு செய்ய டெவெம் ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ பயன்படுத்தியிருப்பீர்கள். டிரைவரை இறக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்து திரும்பிய பிறகே அது இன்டரப்டை விடுவிக்கும். ரிமூவுக்குள் நீங்கள் கேஃப்ரீ செய்து விடுவித்த நினைவகத்தை, அந்த இடைவெளியில் வரும் ஹேண்ட்லர் தொட்டுவிடுகிறது. முதலில் அட்டையில் இன்டரப்டை அணையுங்கள். அதே ரெஜிஸ்டரை ஒருமுறை திரும்பப் படியுங்கள். பின்பு இன்டரப்டை நீங்களே விடுவியுங்கள். வேறு கோரில் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை ஃப்ரீ ஐஆர்க்யூ காத்திருக்கும். தோல் முடிந்ததா என்று பார்க்க டைமர் ஏதாவது வைத்திருந்தால், அதை ஹேண்ட்லர்தான் முடுக்கும் என்பதால் அதை இதற்குப் பிறகே டைமர் டிலீட் சிங்க் கொண்டு நிறுத்துங்கள். பழைய புத்தகங்களில் டெல் டைமர் சிங்க் என்று இருக்கும். டைமர் தன்னைத்தானே மறுபடி முடுக்கிக்கொள்ளும் வகையாக இருந்தால் 6.2 கெர்னலில் வந்த டைமர் ஷட்டவுன் சிங்க் உகந்தது. நினைவகத்தை விடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

15. பாலாற்றங்கரை

டெவெம்தான், ஐயா. டைமரும் இருந்தது, அதை நிறுத்தவே மறந்திருந்தேன். வரிசையை மாற்றிய பிறகு பட்டை ஓட ஓட இருநூறு முறை ஏற்றி இறக்கும் சிறு நிரல் எழுதி இரவு முழுதும் விட்டேன். காலையில் வந்து பார்த்தபோது கெர்னல் பதிவில் ஒரு வரிகூடப் புகார் இல்லை.

ஆம்பூரில் ஏற்றி ஆறு வாரம் ஆகிறது. எண் கூடவும் இல்லை, நிற்கவும் இல்லை. குறைந்துகொண்டிருந்த 0.03 சதுர அடிகளைப் பற்றி ஷாப் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். கூடுதலாகக் காட்டியதற்குக் காரணம் டிரைவர்தான் என்று எங்கள் பட்டறையின் பெயரில் எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாளை அளவு இயந்திரத்தின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். தோல் போடும் அக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்துக் காட்டினேன்.